தாழ்ந்து சென்ற வண்டிகளும் தலைநிமிர்ந்த தொழிலாளரும்



வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும்தாம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிப் பாடநூல்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் உழைக்கும் மக்களுக்கும் வரலாறு உண்டு. அவர்கள் உடுத்திய உடையிலும், கையில் பிடித்த கருவியிலும், ஓய்வு நாளில் கூடிய இடத்திலும் அந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. இன்று அப்படிப்பட்ட வரலாறு ஒன்றைப் பார்ப்போம். அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது. அதில் வருபவர்கள் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர்கள். அவர்கள் பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து, சங்கங்கள் அமைத்து, வார இறுதி இரவுகளில் தெருவில் மெதுவாக ஊர்வலம் விட்டார்கள். இதற்காகவே அவர்களுக்கு எதிராகச் சட்டங்கள் பிறந்தன. பல ஆண்டுகள் கழித்து அச்சட்டங்கள் நீங்கின. காருக்கு என்ன வரலாறு என்று எண்ணிவிட வேண்டாம். முதலில் காரை ஓட்டிய மனிதர் யார் என்று பார்ப்போம்.

கலிபோர்னியா ஒரு காலத்தில் மெக்சிகோ நாட்டுக்கு உரியதாக இருந்தது. போருக்குப் பின் 1848-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையால் அது அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கேயே வாழ்ந்த மெக்சிகோ மக்கள், தாங்கள் இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே வேறொரு நாட்டுக்கு உட்பட்டவர்கள் ஆனார்கள். பிறகு, இருபதாம் நூற்றாண்டில், பழத்தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் ஆள் தேவைப்பட்டபோது எல்லைக்கு அப்பாலிருந்து மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள். 1942 முதல் 1964 வரை இரு நாட்டு அரசாங்கங்களும் சேர்ந்து ஒப்பந்தக் கூலித் திட்டம் ஒன்றை நடத்தின. அதன்கீழ் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் மட்டும் ஏறக்குறைய 46 லட்சம். ஒருவரே பலமுறை ஒப்பந்தம் செய்திருக்கலாம். என்றாலும் இது எவ்வளவு பெரிய கணக்கு என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பண்ணைகளில் ஒரு கருவி இருந்தது. குட்டைக் கைப்பிடி போட்ட களைக்கொத்து அது. கைப்பிடி 2 அடிகூட இராது. கீரைப் பாத்தியிலும் பீட்ரூட் பாத்தியிலும் அதைப் பிடித்து வேலை செய்பவர், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை குனிந்தே இருக்க வேண்டும். நீண்ட கைப்பிடி போட்டால் வேலை நுணுக்கமாக வராது, பயிர் கெட்டுவிடும் என்று பண்ணை முதலாளிகள் வாதாடினார்கள். தொழிலாளர் நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்பது மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்பதும் அதில் இருந்த வசதி. இளவயதிலேயே பலருக்கு முதுகெலும்பு பழுதாகியது. மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். சட்டப் போராட்டம் நடந்தது. 1975-ஆம் ஆண்டில்தான் கலிபோர்னியா மாநிலம் அந்தக் கருவியைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் கீரை விளைந்தது, பீட்ரூட்டும் விளைந்தது. முதலாளிகள் சொன்ன நட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

பிள்ளைகளின் கல்வியையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் கலிபோர்னியாவின் பல ஊர்களில் மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி. கட்டடம் மட்டம், புத்தகம் பழசு. ஆண்பிள்ளைகளுக்குக் கைத்தொழில், பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலை என்று எல்லை கட்டியிருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் குத்தகை நிலத்தில் பயிர் செய்துகொண்டிருந்த மென்டெஸ் குடும்பம் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. வேறு நான்கு குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. 1946-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் கிடைத்தது. 1947-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அமெரிக்கா முழுவதும் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொழிலாளர் குடும்பங்கள் வழி காட்டிவிட்டன.

தெருவிலும் நிலைமை நன்றாக இல்லை. 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அகலமான தோள்பட்டையும் தொளதொள கால்சட்டையுமாக உடுத்தியிருந்த மெக்சிகோ வம்சத்து இளைஞர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் கும்பலாகச் சென்று அடித்தார்கள். உடையைக் கிழித்து நடுத்தெருவில் விட்டார்கள். போலீசார் பல இடங்களில் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைப் பிடித்தார்கள். அந்த இளைஞர்களின் அண்ணன்மாரும் உறவினரும் அதே வேளையில் அமெரிக்கப் படையில் சேர்ந்து போர்முனையில் இருந்தார்கள். உழைக்க வேண்டும், போரிட வேண்டும், ஆனால் அழகாக உடுத்தித் தெருவில் நடக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருளா?

நேயர்களே, இவ்வளவும் பின்னணி. இனி காருக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. படையிலிருந்து திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. நகரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. லாஸ் ஏஞ்சல்சை அடுத்த சவுத் கேட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை 1936 முதல் 1982 வரை இயங்கியது. அதைப் போன்ற இடங்களில் வேலை கிடைத்தது. பண்ணையை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் முதல்முறையாகச் சொந்தக் கார் வாங்கினார்கள். புதுக் கார் இல்லை, பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பழைய கார். அதிலும் செவர்லே கார்களை விரும்பி வாங்கினார்கள். விலை குறைவு, உதிரிப் பொருள்களும் எளிதில் கிடைக்கும்.

அக்காலத்து வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய காரை வாங்கினால் அதன் பின்பக்கத்தை உயர்த்தி, எஞ்சினை வலுவாக்கி, வேகப் பந்தயம் விடுவார்கள். மெக்சிகோ வம்சத்து இளைஞர்களோ இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். காரைத் தாழ்த்தினார்கள். முதலில் பின்பெட்டியில் மணல் மூட்டையோ சிமெண்டு மூட்டையோ வைத்துத் தாழ்த்தினார்கள். பிறகு சுருள் வில்லை வெட்டித் தாழ்த்தினார்கள். வண்டி தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். வேகமும் குறைவு. நடந்து போகிறவர் நின்று பேசும் அளவுக்கு மெதுவாகச் செல்லும். 'தாழ்வாகவும் மெதுவாகவும்' என்பதே அவர்களுடைய கொள்கை வாசகம். இத்தகைய வண்டிக்கும் அதை ஓட்டுபவருக்கும் 'லோரைடர்' என்று பெயர். நாம் தாழ்வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏன் மெதுவாகப் போனார்கள்? மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிறு மாலையில் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி இளைஞர்களும் பெண்களும் குடும்பத்தாரும் நல்ல உடை உடுத்தி மெல்ல நடந்து வருவார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதும், நலம் விசாரிப்பதும், சம்பந்தம் பேசுவதும் அங்கேதான். லாஸ் ஏஞ்சல்சின் பெரும்பாலான பகுதிகளில் அத்தகைய சதுக்கம் இல்லை. நீண்ட சாலைகள்தான் இருந்தன. அதனால் கிழக்கு லாஸ் ஏஞ்சல்சின் விட்டியர் சாலை அவர்களுக்கு ஊர்ச் சதுக்கம் ஆயிற்று. நடந்தவர்கள் காரில் வந்தார்கள். பழக்கம் பழையது, வாகனம்தான் புதியது.

1958-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. காரின் உடற்பகுதி எதுவும் சக்கரத்து இரும்பு வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்று அச்சட்டம் கூறியது. மாற்றியமைத்த வண்டிகளுக்கே இது பொருந்தும். போலீசார் தாழ்ந்த வண்டியைக் கண்டால் நிறுத்தி அபராதச் சீட்டு எழுதினார்கள். 1959-இல் ரான் அகீர்ரே என்ற இளைஞர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார். போர்க்காலத்துக்குப் பின் ஆகாய விமானங்களின் உதிரிப் பொருள்கள் மலிவாக விற்கப்பட்டு வந்தன. அவற்றிலிருந்து எண்ணெய் பம்புகளையும் அடைப்பான்களையும் வாங்கித் தம் காரில் பொருத்தினார்.

இதன் வேலை எளிது. செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர் எப்படித் தன் தொட்டியைத் தூக்கிக் குலைகளைக் கொட்டுகிறது? எண்ணெயை அழுத்தினால் தண்டு நீள்கிறது, தொட்டி உயர்கிறது. அழுத்தத்தை விட்டால் கீழே இறங்குகிறது. அதே முறைதான். காரின் வில்களுக்கு அருகே எண்ணெய் உருளைகள், பின்பெட்டியில் பேட்டரிகள், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு விசை. விசையைத் தட்டினால் கார் உயரும், மறுபடி தட்டினால் தாழும். தெருவில் தாழ்ந்து போகும் கார், போலீஸ் வண்டியைக் கண்டதும் சட்டம் சொன்ன அளவுக்கு உயர்ந்துவிடும்! சட்டத்தையும் மீறவில்லை, தம் விருப்பத்தையும் விடவில்லை. பெரிய கல்லூரியில் பயிலாத கைத்தொழில் இளைஞர்களிடமிருந்து வந்த பொறியியல் இது. பின்னாளில் இதைக் கொண்டே காரைத் துள்ள வைக்கும் போட்டிகளும் நடந்தன.

வண்டியை அழகுபடுத்துவதும் ஒரு கலை. தகட்டை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, தாள் போட்டுத் தேய்த்து, அடிச்சாயம் பூசி, மேலே படலம் படலமாக வண்ணம் ஏற்றுவார்கள். உள்ளே வெல்வெட் துணியால் இருக்கை தைப்பார்கள். தந்தை பற்றவைப்பு வேலை அறிந்தவராக இருப்பார், மாமன் சாயம் அடிப்பவராக இருப்பார், தாய் தையல் அறிந்தவராக இருப்பார். ஒரு கார் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். சம்பளம் வரும்போது ஒரு பொருள், அடுத்த சம்பளத்தில் இன்னொரு பொருள். மகன் பெரியவனானதும் கார் அவனுக்குப் போகும். இப்படித் தலைமுறை தாண்டிய வண்டிகள் பல உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழும். ஏழைத் தொழிலாளர்கள் வண்டிக்காக இவ்வளவு பணம் செலவிடலாமா? அந்தப் பணத்தில் வீடு வாங்கியிருக்கக் கூடாதா? நல்ல கேள்விதான். ஆனால் அக்காலத்து லாஸ் ஏஞ்சல்சில் பல குடியிருப்புகளின் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதாருக்கு இந்த வீட்டை விற்கக்கூடாது என்ற விதியே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய விதிகளை நீதிமன்றம் வழியாகச் செயல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல்தான். தீர்ப்பு வந்த மறுநாளே மனிதர் மனம் மாறிவிடுமா? நல்ல வீடு எட்டாத இடத்தில், நல்ல கார் எட்டியது. அதே வேளையில் கடன்பட்டு வண்டியில் பணத்தைக் கொட்டிக் குடும்பத்தைத் தவிக்கவிடுவதை நாம் சரி என்று சொல்ல முடியாது. வருமானத்துக்குள் செய்தால் கலை, வருமானத்தை மீறினால் வேதனை. இது எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும்.

இனி சங்கங்களுக்கு வருவோம். தனியாக ஒருவர் கார் வைத்திருந்தால் அது அவருடைய ஆசை. பலர் கூடினால் அது அமைப்பு. 1962-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்சில் ரூவேலாஸ் சகோதரர்கள் 'டியூக்ஸ்' என்ற கார் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே பத்தாண்டில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் 'இம்பீரியல்ஸ்' சங்கம் தோன்றியது. பிறகு பல ஊர்களில் பல சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், மாதச் சந்தா, கூட்டம் உண்டு. சங்கத்தின் பெயரை உலோகத்தில் வார்த்து, காரின் பின்கண்ணாடியில் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பெயர்ப்பலகை எல்லாருக்கும் கிடைத்துவிடாது. வண்டி தரமாக இருக்க வேண்டும், நடத்தையும் ஒழுங்காக இருக்க வேண்டும். சண்டை வம்புக்குப் போகிறவர் பலகையைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். தெருவில் தடம் மாறக்கூடிய இளைஞர்கள் பலரை இந்த ஒழுங்கு நல்வழியில் நிறுத்தியது.

சங்கங்கள் வண்டியைக் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. சனிக்கிழமைகளில் கார் கழுவிக் காசு சேர்த்து, இறந்தவர் வீட்டுக்கு ஈமச் செலவுக்குக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் திரட்டினார்கள். டியூக்ஸ் சங்கம் சிறைச்சாலைகளுக்கும் சென்று காரைக் காட்டியது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியுலகம் தம்மை மறக்கவில்லை என்ற ஆறுதல் கிடைத்தது.

இவற்றிலெல்லாம் நம் மனத்தைத் தொடும் செயல் ஒன்று உண்டு. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் லேரி இட்லியோங். எட்டு நாள் கழித்து, சீசர் சாவெசும் டொலோரெஸ் உவெர்த்தாவும் கட்டிய மெக்சிகோ தொழிலாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. 1966-இல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடந்தே சென்றார்கள். திராட்சை வாங்காதீர்கள் என்று நாடெங்கும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஐந்து ஆண்டு சென்று 1970-இல்தான் பெரும்பாலான தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் இந்த இயக்கத்துக்கு நகரத்துக் கார் சங்கங்கள் நிதி திரட்டிக் கொடுத்தன. டியூக்ஸ் அவற்றில் ஒன்று. பட்டணத்தில் பளபளக்கும் காரில் போகிறவர், பண்ணையில் குனிந்திருக்கும் தம் தந்தையையும் சித்தப்பாவையும் மறக்கவில்லை. தோட்டத்தைவிட்டு நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளை உடைய பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சான் டியேகோ நகரில் பெரிய பாலம் ஒன்று கட்டுவதற்காக மெக்சிகோ வம்சத்தார் வாழ்ந்த பகுதியை இடித்தார்கள். பாலத்தின் அடியில் பூங்கா அமைத்துத் தருவதாக வாக்களித்திருந்தார்கள். ஆனால் 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் அங்கே மண்வெட்டும் இயந்திரங்கள் வந்து நின்றன. விசாரித்தால், நெடுஞ்சாலைப் போலீஸ் நிலையம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தது. மாணவர்களும் குடும்பத்தாரும் திரண்டு வந்து அந்த இடத்தில் அமர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் போராட்டத்துக்குப் பின் நிலம் பூங்காவுக்குக் கிடைத்தது. பாலத்தின் தூண்களில் அவர்கள் தம் வரலாற்றை ஓவியமாகத் தீட்டினார்கள். ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பூங்காவின் நினைவு விழாவில் தாழ்வண்டிச் சங்கங்கள் தம் கார்களை வரிசையாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பூங்கா இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களில் ஒன்று.

1977-ஆம் ஆண்டு சான் ஹோசே நகரில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து 'லோரைடர்' என்ற பெயரிலேயே ஒரு மாத இதழைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த சங்கங்களை அது ஒன்றாக இணைத்தது. தங்களைப் பற்றி மற்றவர் எழுதுவதற்குக் காத்திராமல் தாங்களே எழுதினார்கள். எழுத்தறிவின் பயன் இதுவல்லவா?

ஆனால் நல்ல காலம் நீடிக்கவில்லை. கார்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததால் போக்குவரத்து நெருக்கடி ஏற்பட்டது. கடைக்காரர்கள் வாடிக்கையாளர் வர வழியில்லை என்று முறையிட்டார்கள். குடியிருப்போர் இரவெல்லாம் இரைச்சல் என்றார்கள். சில கும்பல்களின் சண்டையும் தெருவில் நடந்தது. இந்தக் குறைகள் பொய்யல்ல. ஆனால் அதற்குக் கண்ட மருந்துதான் கசந்தது. 1970-களின் இறுதியிலிருந்து விட்டியர் சாலையைப் போலீசார் இரவில் அடைக்கத் தொடங்கினார்கள். 1980-களில், மெதுவாகச் சுற்றிவருவதையே தடைசெய்ய நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தை ஒரு கார் இத்தனை முறைக்கு மேல் கடந்தால் குற்றம் என்று பல நகரங்கள் விதி எழுதின. சான் டியேகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992-இல் இப்படி ஒரு தடை விதித்தது.

சிந்தித்துப் பாருங்கள். வேகமாகப் போனால் அபராதம் என்பது எல்லாருக்கும் புரியும். வேக வரம்புக்கு உட்பட்டு மெதுவாகப் போனவருக்கும் அபராதம்! அடித்துக்கொண்ட கும்பலுக்கும், அடித்துக்கொள்ளாத சங்கத்துக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கவில்லை. வண்டியின் தோற்றமும் ஓட்டுபவரின் முகமுமே போதுமான காரணம் ஆகிவிட்டன என்று சங்கத்தார் மனம் நொந்து சொன்னார்கள். தெரு போயிற்று. ஆனால் சங்கம் கலையவில்லை. பூங்காக்களில் கூடினார்கள். கண்காட்சிகள் நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் கொடுப்பதை நிறுத்தவில்லை.

இதற்கிடையே, வெறுக்கப்பட்ட வண்டிகள் மெல்ல மெல்ல மதிக்கப்படலாயின. நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிமாயோ என்ற சிற்றூர் உண்டு. அங்கே டேவிட் ஹரமீயோ என்பவர் 1969-ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றை அழகுபடுத்தும் வேலையைத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1978-இல் அவர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்தாரும் உறவினரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அதை முடித்தார்கள். 'டேவின் கனவு' என்று பெயரிட்டார்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1990-இல் அந்தக் காரை வாங்கித் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இம்பீரியல்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஹெசூஸ் வலாடெஸ் என்பவர் 1964-ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா காரின் மேனி முழுவதும் ரோஜா மலர்களைத் தீட்டச் செய்து 'ஜிப்சி ரோஸ்' என்று பெயர் வைத்திருந்தார். 1970-களில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தொடக்கக் காட்சியில் அந்தக் கார் வந்து நாடெங்கும் அறிமுகமாயிற்று. வலாடெஸ் 2011-இல் காலமானார். 2017-ஆம் ஆண்டில் அந்தக் கார் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. தலைநகர் வாஷிங்டனின் நடுத்திடலில், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து மக்களுக்குக் காட்டினார்கள். விட்டியர் சாலையில் போலீசார் நிறுத்திக் கேள்வி கேட்ட இனத்தைச் சேர்ந்த வண்டி, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே காட்சிப்பொருள் ஆயிற்று.

அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தாலும் தெருவில் தடை அப்படியே இருந்தது. இந்த முரண்பாட்டைச் சங்கத்தார் விடவில்லை. நகராட்சிக் கூட்டங்களுக்கு ஒழுங்காக உடுத்திச் சென்றார்கள். தம் சங்கங்கள் செய்த தருமக் கணக்கை எடுத்து வைத்தார்கள். தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறையும் எழுந்து பேசியது. 2022-இல் சான் ஹோசே நகரமும் சாக்ரமெண்டோ நகரமும் தம் தடைகளை நீக்கின. நேஷனல் சிட்டி அதே ஆண்டு மே மாதம் முதல் மாதம் ஓர் இரவு சோதனையாக ஊர்வலத்துக்கு இடம் கொடுத்தது. சங்கங்களே முன்னின்று ஒழுங்கைக் கவனித்தன. 2023-இல் அந்நகரமும் தடையை நீக்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மெதுவாகச் சுற்றிவருவதை இனி எந்த நகராட்சியும் தடைசெய்ய முடியாது. 1958-இல் வந்த அந்தப் பழைய தாழ்வு அளவு விதியும் அதனுடன் சேர்ந்து நீங்கியது. ஏறத்தாழ 66 ஆண்டுகள்! 1958-இல் இருபது வயது இளைஞராக அபராதச் சீட்டு வாங்கியவர் எவரேனும் உயிரோடு இருந்திருந்தால், அவருக்கு அன்று 86 வயது.

அன்பார்ந்த நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, உழைப்பவனுக்கு ஓய்வும் அழகும் தேவை. ஆறு நாள் குனிந்து வேலை செய்தவர், ஏழாம் நாள் நல்ல உடை உடுத்தி நிமிர்ந்து வெளியே வர விரும்புவது ஆடம்பரம் அல்ல. அதைக் கேலி செய்கிறவர்கள், குட்டைக் கைப்பிடியை ஒருநாள் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒழுங்கான சங்கத்தின் வலிமை. தனியாளாக அபராதச் சீட்டு வாங்கியவர்களின் முறையீடு எவர் காதிலும் விழவில்லை. சந்தாக் கணக்கு, கூட்டக் குறிப்பு, தருமக் கணக்கு என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்த சங்கங்கள் பேசியபோது நகராட்சி கேட்டது. நம் இளைஞர் மன்றங்களும் மாதர் சங்கங்களும் கணக்கேட்டையும் கூட்டக் குறிப்பேட்டையும் பத்திரமாக வைத்திருக்கின்றனவா என்று இன்றிரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பழைய பொருளின் அருமை. மெக்சிகோ தொழிலாளர்கள் பழைய காரை வைத்துத் தம் கதையைக் காத்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? தாத்தா பால்மரம் வெட்டிய கத்தி இருக்கலாம். பாட்டி தலைச்சுமையாகப் பால் தூக்கிய வாளி இருக்கலாம். பழைய சைக்கிள் ஒன்று இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறும் நாளில் இவற்றைத்தான் நாம் முதலில் வீசி எறிகிறோம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால் இரண்டு வெள்ளி கிடைக்கும். ஆனால் அந்தப் பொருளோடு சேர்ந்து ஒரு தலைமுறையின் கதையும் போய்விடும். ஒரு கத்தியையாவது துடைத்து, எண்ணெய் தடவி, அதைப் பிடித்தவர் பெயரையும், வேலை செய்த தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாத்தாவிடம் கேட்டு எழுதும் பிள்ளை, பாடநூலில் இல்லாத வரலாற்றைக் கற்றுக்கொள்ளும்.